வேர்டு பிராசஸரில் மவுஸால் செவ்வகத் தேர்வு: கட்டி முடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எம்எஸ் வேர்டில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மவுஸை இழுத்தால், முழு வரிகள் தேர்வாகாமல் பக்கத்தின் நடுவில் ஒரு செவ்வகம் மட்டும் தேர்வாகும். பிடிஎஃபிலிருந்து ஒட்டிய பட்டியலில் வரிசை எண்களை மட்டும் நீக்க வேண்டும், விலைப்பட்டியலில் ஒரு நெடுவரிசையை மட்டும் எடுக்க வேண்டும் என்றால் இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

பயன்படுத்தச் சுலபம், கட்டும்போதுதான் தெரியும் சிக்கல். க்யூடி (Qt) என்ற நிரல் நூலகத்தில் எழுதிய ஒரு ஆவண எடிட்டரில் நான் இதைச் சேர்த்தேன். பிறகு புதிதாக வந்த சிலருக்கும் இதே வேலையைக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எல்லோரும் மவுஸ் நிகழ்வுகளிலிருந்துதான் தொடங்கினார்கள், எல்லோரும் மூன்றாம் நாள் வாக்கில் ஒரே இடத்தில் நின்றார்கள். அதனால் இங்கே மவுஸ் ஆறாவது படியாகத்தான் வருகிறது. எடுத்துக்காட்டுகள் க்யூடியை ஒட்டியவை. வேறு நூலகத்தில் எழுதுகிறவர்களுக்கும் வரிசை இதேதான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் லேஅவுட் எஞ்சின் (எழுத்துகள் திரையில் எங்கே நிற்கும் என்று கணக்கிடும் பகுதி) நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒன்று, இந்த உயரத்தில் இருக்கும் திரைவரி எது? இரண்டு, இந்த வரியில் இந்த எக்ஸ் தூரத்துக்கு (இடமிருந்து வலமாக அளக்கும் தூரம்) பக்கத்தில் உள்ள கர்சர் இடம் எது? மூன்று, இந்தக் கர்சர் இடம் எந்த எக்ஸில் இருக்கிறது? நான்கு, ஒரு எழுத்து எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

திரைவரி என்று நான் சொல்வது பத்தி அல்ல. ஒரு பத்தி அகலம் போதாமல் நான்காக மடிந்திருந்தால் அது நான்கு திரைவரி. க்யூடியில் க்யூடெக்ஸ்ட்லேஅவுட் ஒரு பத்திக்கு, க்யூடெக்ஸ்ட்லைன் ஒரு திரைவரிக்கு. பின்னதில் உள்ள எக்ஸ்டுகர்சர், கர்சர்டுஎக்ஸ் என்ற இரண்டு ஃபங்ஷன்களும் இரண்டாம், மூன்றாம் கேள்விகளுக்கு நேரடியாகப் பதில் தரும்.

இவற்றோடு, பல மாற்றங்களை ஒரே அன்டூவாகக் கட்டும் வசதியும் வேண்டும். அது இல்லாத எடிட்டர் என்றால் முதலில் அதைக் கட்டுங்கள். நாற்பது வரிகளில் ஒரு நெடுவரிசையை அழித்தவர் கண்ட்ரோல் இசட்டை நாற்பது முறை அழுத்த நேர்ந்தால், இந்த வசதியை இரண்டாம் முறை தொடவே மாட்டார்.

கடைசியாக ஒரு சோதனை ஆவணம். அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்பது 10-ஆம் பகுதியில் இருக்கிறது. நிரல் எழுதும் முன்பே அதைத் தயார் செய்துவிடுங்கள். ஆங்கிலத்தில் சம அகல எழுத்துருவில் மட்டும் சோதித்தால் தப்பான வழி கூடச் சரியானதைப் போலவே தெரியும்.

2. எழுத்தின் எண்ணிக்கையை விடுங்கள், எக்ஸ் தூரத்தைப் பிடியுங்கள்

புதியவர்கள் எழுதும் முதல் வடிவம் எப்போதும் இதுதான்: தொடக்க வரியில் கர்சர் 3-ஆம் இடம், முடிவு வரியில் 8-ஆம் இடம், ஆகவே ஒவ்வொரு வரியிலும் 3 முதல் 8 வரை. நிரல் எழுதும் எடிட்டர்களில், சம அகல எழுத்துருவில், இந்தக் கணக்கு பெருமளவு ஓடிவிடும். வேர்டு பிராசஸரில் முதல் நிமிடமே உடையும்.

இரண்டு பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள்: செந்தில், கௌரி. கண்ணுக்குச் செந்தில் நான்கு எழுத்து: செ, ந், தி, ல். கணினி சேமிக்கும் யூனிகோடில் எட்டு குறிகள்: ச, ெ, ந, ், த, ி, ல, ். கௌரி இரண்டு எழுத்து, நான்கு குறிகள். இப்போது இரண்டு வரியிலும் முதல் மூன்று குறிகளை வெட்டுங்கள். மேல் வரியில் 'செந' போய்விடும், மீதியின் தலையில் ஒரு அநாதைப் புள்ளி புள்ளிவட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். கீழ் வரியில் 'கௌர' போய், 'ி' மட்டும் தொங்கும். பயனர் வரைந்த செவ்வகத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

குறிகளை எண்ணாமல் எழுத்துகளை எண்ணினாலும் தப்ப முடியாது. 'ணௌ' எவ்வளவு அகலம், 'ர' எவ்வளவு அகலம்! மூன்றாவது எழுத்து ஒரு வரியில் 40-இல் இருக்கும், இன்னொரு வரியில் 95-இல் இருக்கும். செவ்வகம் என்பது திரையில் உள்ள வடிவம். அதைத் திரையின் அளவிலேயே, எக்ஸ் தூரமாகவே வைத்திருக்க வேண்டும். எழுத்து எண்ணாக மாற்றும் வேலை ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக, கடைசி நேரத்தில் நடக்கட்டும்.

3. தேர்வை இரண்டு புள்ளிகளாகச் சேமியுங்கள்

சேமிக்க வேண்டியது இவ்வளவுதான்: பிடித்த புள்ளி, இப்போதைய புள்ளி. ஒவ்வொன்றிலும் ஒரு திரைவரி, ஒரு எக்ஸ். ரேஞ்ச் பட்டியலை, அதாவது ஒவ்வொரு வரியிலும் தேர்வு தொடங்கி முடியும் இடங்களை, சேமிக்காதீர்கள். மவுஸ் அசையும்போதெல்லாம் பட்டியல் மாறும், பழையதும் புதியதும் கலந்தால் வரும் பிழைகளைத் தேடிப் பிடிப்பது கொடுமை.

இந்த இடத்தில் மூன்று தவறுகளை அடிக்கடி பார்க்கிறேன்.

முதலாவது, புள்ளியைச் சாளரத்தின் அளவில் வைப்பது. இழுக்கும்போது பக்கம் கீழே உருண்டால் பிடித்த புள்ளியும் கூடவே நகர்ந்துவிடும். மவுஸ் நிகழ்வு தரும் புள்ளியோடு கிடை, செங்குத்து ஸ்க்ரோல் மதிப்புகளைக் கூட்டி, ஜூம் இருந்தால் அதால் வகுத்து, ஆவணத்தின் அளவுக்கு மாற்றிய பிறகே சேமியுங்கள்.

இரண்டாவது, எக்ஸை வரியின் நீளத்துக்குள் அடைப்பது. மவுஸ் 400-இல் இருக்கிறது, அந்த வரி 150-லேயே முடிந்துவிட்டது என்று வையுங்கள். எக்ஸை 150 என்று சேமித்தால், குட்டை வரியைக் கடக்கும்போதெல்லாம் செவ்வகம் முழுவதும் சுருங்கி விரியும். எக்ஸ் 400-ஆகவே இருக்கட்டும். அந்த வரியில் எழுத்து இல்லை என்பது ரேஞ்ச் கணக்கிடும்போது தானாகத் தெரியவரும்.

மூன்றாவது சற்று நுட்பமானது. திரைவரியைக் கர்சர் இடத்திலிருந்து கண்டுபிடிப்பது. பத்தி மடியும் இடத்தில் முதல் வரியின் முடிவும் இரண்டாம் வரியின் தொடக்கமும் ஒரே எண். 57-ஆம் இடம் எந்த வரி என்று கேட்டால் எஞ்சின் இரண்டாம் வரியைச் சொல்லும். பயனரின் மவுஸோ முதல் வரியின் வலது ஓரத்தில் இருக்கும். அதனால் செவ்வகம் ஒரு வரி கீழே குதிக்கும். வரியை எப்போதும் உயரத்தை வைத்தே கண்டுபிடியுங்கள், எழுத்து எண்ணை வைத்து வேண்டாம்.

ஆவணம் வேறு வழியில் மாறினால், அதாவது எழுத்துரு மாறியோ ஓரம் மாறியோ வரிகள் மடிந்தால், செவ்வகத் தேர்வைக் கைவிட்டுவிடுவதே நேர்மை. வரிகளே மாறிய பிறகு பழைய செவ்வகத்துக்குப் பொருள் இல்லை.

4. ஒரு வரியில் எது உள்ளே, எது வெளியே

இந்த வசதியின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

அடிப்படை விதி: ஒரு எழுத்தின் நடுப்புள்ளி செவ்வகத்துக்குள் இருந்தால் அந்த எழுத்து உள்ளே. செயலில் இதற்குப் பொருள், செவ்வகத்தின் இரண்டு ஓரங்களையும் பக்கத்தில் உள்ள எழுத்து எல்லைக்கு ஒட்ட வைப்பது.

எண்களோடு பார்ப்போம். மூன்று எழுத்துகள், அகலம் 24, 40, 18. எல்லைகள் 0, 24, 64, 82. இடது ஓரம் 10 என்றால், முதல் எழுத்தின் நடு 12, அதற்கு முன்னால் இருப்பதால் 0-க்கு ஒட்டும். வலது ஓரம் 50 என்றால், இரண்டாம் எழுத்தின் நடு 44, அதைத் தாண்டியதால் 64-க்கு ஒட்டும். ஆக முதல் இரண்டு எழுத்துகள் தேர்வாகின்றன.

இரண்டு ஓரங்களுக்கும் ஒரே விதி என்பது முக்கியம். இடது ஓரத்தில் 'தொட்டாலே உள்ளே', வலது ஓரத்தில் 'முழுக்க மூடினால்தான் உள்ளே' என்று எழுதினால், பயனர் வலமிருந்து இடமாக இழுக்கும்போது ஒரு முடிவும் இடமிருந்து வலமாக இழுக்கும்போது வேறு முடிவும் வரும். ஒரே விதி என்றால் எந்த மூலையிலிருந்து இழுத்தாலும் அதே எழுத்துகள்தான்.

இனி விதிவிலக்குகள்.

கொ, கோ, கௌ போன்றவை. இவற்றில் மெய்யின் இரு புறமும் குறி நிற்கிறது, ஆனால் எழுத்து ஒன்று. கர்சர் நடுவில் நிற்கக் கூடாது. க்யூடியின் எக்ஸ்டுகர்சர் இதைத் தானே பார்த்துக்கொள்கிறது. நீங்களே எழுதும் எஞ்சின் என்றால், யூனிகோடின் எழுத்துக்கொத்து (ஒரே எழுத்தாக நிற்கும் குறிகளின் கூட்டம்) எல்லை விதிகளைப் பின்பற்றுங்கள். யூனிகோடுக்கான ஐசியு (ICU) நூலகத்தில் அது தயாராக இருக்கிறது.

க்ஷ, ஸ்ரீ. இங்கேதான் கவனம் வேண்டும். யூனிகோடின் பொது விதிப்படி 'க்ஷ' என்பது க், ஷ என இரண்டு கொத்து. எழுத்துரு வரைவதோ பிரிக்க முடியாத ஒரே வடிவம். பொது விதியை மட்டும் நம்பினால், செவ்வகத்தின் ஓரம் அந்த வடிவத்தின் நடுவில் விழுந்து, அழித்த பிறகு 'லக்ஷ்மி' என்ற பெயரில் பாதி க்ஷ போய் 'லக்' என்று நிற்கும். வடிவம் அமைக்கும் எஞ்சினின் கொத்து எண்ணைக் கேளுங்கள். ஹார்ஃப்பஸ் என்ற எஞ்சின் ஒவ்வொரு வடிவத்துக்கும் அது எந்தக் குறியிலிருந்து தொடங்குகிறது என்ற எண்ணைத் தருகிறது. ஓரம் ஒரு வடிவத்தின் நடுவில் விழுந்தால் அந்த வடிவத்தின் எல்லைக்குத் தள்ளுங்கள். சாதாரணக் கர்சர் நகர்வில் நடுவில் நிற்பது பரவாயில்லை. செவ்வகத்தில் ஒரே இழுப்பில் ஐம்பது வரிகள் வெட்டப்படுகின்றன. அத்தனையையும் யாரும் ஒவ்வொன்றாகப் பார்க்க மாட்டார்கள்.

டேப். நடுப்புள்ளி விதி டேபில் தோற்றுவிடும். மளிகை விலைப்பட்டியல் ஒன்று: முதலில் பெயர், பிறகு டேப், 210-இல் விலை. 'உப்பு' 60-இல் முடிகிறது, அதன் டேப் 60 முதல் 210 வரை, நடு 135. 'உளுந்து' 120-இல் முடிகிறது, அதன் டேப் 120 முதல் 210 வரை, நடு 165. விலையை மட்டும் எடுக்க நினைக்கும் பயனர் வெற்றிடத்தில் 150-இலிருந்து இழுக்கிறார். உப்பு வரியில் டேப் வெளியே நிற்கும், உளுந்து வரியில் டேப் உள்ளே வரும். ஒரே செவ்வகம், இரண்டு விதமான வரி. அழித்தால் அடுத்த நெடுவரிசை ஒரு வரியில் மட்டும் இடம் மாறும்.

அதனால் டேபுக்குத் தனி விதி: முழுக்கச் செவ்வகத்துக்குள் இருந்தால் மட்டுமே உள்ளே. இடது ஓரம் டேபில் விழுந்தால் டேபின் முடிவுக்கும், வலது ஓரம் விழுந்தால் டேபின் தொடக்கத்துக்கும் ஒட்டுங்கள். இரண்டு ஓரமும் ஒரே டேபுக்குள் விழும்போது தொடக்கம் முடிவைவிடப் பெரிதாகிவிடும். அதைப் பார்த்து வெறும் ரேஞ்சாக மாற்ற மறக்காதீர்கள். மறந்தால், தேர்வு செய்யாத டேபை எடிட்டர் அழிக்கும்.

மடிந்த வரியின் கடைசி இடைவெளி. பத்தியின் நடு வரிகளில் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒன்று இருக்கும். அதை ரேஞ்சில் சேர்க்காதீர்கள். சேர்த்தால், வலது பாதியை அழித்ததும் முன் சொல்லும் அடுத்த வரியின் முதல் சொல்லும் ஒட்டிக்கொள்ளும்.

வலமிருந்து இடமாக எழுதும் மொழி. ஒரு தமிழ் வரிக்குள் உருதுச் சொற்கள் இருந்தால், திரையில் தொடர்ச்சியான ஒரு துண்டு, உரையில் இரண்டு மூன்று துண்டுகளாக இருக்கும். 'ஒரு வரிக்கு ஒரு ரேஞ்ச்' என்று தரவு அமைப்பிலேயே எழுதிவிட்டால் பிறகு மாற்றுவது கடினம். தொடக்கத்திலிருந்தே 'ஒரு வரிக்கு ரேஞ்சுகளின் பட்டியல்' என்று வையுங்கள். இப்போதைக்கு அதில் ஒன்றே இருந்தாலும் பாதகமில்லை.

5. ரேஞ்ச் தரும் ஃபங்ஷன், அதன்பின் வரைதல்

மேலே உள்ள விதிகளை எல்லாம் ஒரே ஃபங்ஷனில் அடக்குங்கள். இரண்டு புள்ளிகள் உள்ளே போக வேண்டும், வரிவாரியான ரேஞ்சுகள் வெளியே வர வேண்டும்.

மேல்வரி = இரண்டில் மேலே உள்ள வரி
கீழ்வரி = இரண்டில் கீழே உள்ள வரி
இடது = இரண்டில் சிறிய எக்ஸ்
வலது = இரண்டில் பெரிய எக்ஸ்
மேல்வரி முதல் கீழ்வரி வரை ஒவ்வொரு வரிக்கும்:
    தொடக்கம் = இடதுஓரம்(வரி, இடது)
    முடிவு = வலதுஓரம்(வரி, வலது)
    தொடக்கம் > முடிவு என்றால்: முடிவு = தொடக்கம்
    (வரி, தொடக்கம், முடிவு) சேர்

வெறும் ரேஞ்சையும் பட்டியலில் வைக்கிறோம் என்பதைக் கவனியுங்கள். காப்பி செய்யும்போது அந்த வரி வெற்று வரியாகவாவது போக வேண்டும்.

நடுவில் உள்ள வரிகளை உயரத்தால் சோதிக்க வேண்டாம். மேல்வரி, கீழ்வரி இரண்டையும் உயரத்தால் கண்டுபிடித்த பிறகு, இடையில் உள்ளவை எல்லாம் உள்ளேதான். பெரிய எழுத்துத் தலைப்பும் சிறிய எழுத்து வரியும் கலந்த பக்கத்தில் உயரச் சோதனை ஓரிரு வரிகளை விட்டுவிடும்.

அட்டவணை, பல நெடுவரிசைப் பக்கம், அடிக்குறிப்பு இவற்றுக்கு ஒரே கட்டுப்பாடு: இழுப்பு எந்த உரை ஓட்டத்தில் தொடங்கியதோ அதற்குள்ளேயே நிற்கட்டும். அட்டவணைக் கட்டத்துக்குள் தொடங்கினால் அந்தக் கட்டத்தைத் தாண்டக் கூடாது.

இப்போது இரண்டு புள்ளிகளை நிரலிலேயே நேரடியாக எழுதி, முடிவைத் திரையில் வரையுங்கள். மவுஸ் இன்னும் வரவில்லை. இந்த நிலையில் தப்பு தெரிந்தால் அது கணக்கில் உள்ள தப்பு என்று உறுதியாகச் சொல்லலாம். மவுஸும் சேர்ந்துவிட்டால் எதைச் சந்தேகிப்பது என்றே தெரியாது.

வரையும்போது பயனர் இழுத்த செவ்வகத்தை அப்படியே நிரப்பாதீர்கள். ஒட்டிய பிறகான எல்லைகளை வைத்து, வரிக்கு ஒரு பட்டையாக நிரப்புங்கள். ஓரம் படிக்கட்டு மாதிரி வளைந்துதான் தெரியும். பரவாயில்லை, எது வெட்டப்படும் என்பதைக் கண் பார்த்துவிடும். அழகான நேர் செவ்வகத்தைக் காட்டிவிட்டு வேறு எழுத்துகளை வெட்டுவதுதான் பயனரின் நம்பிக்கையைக் கெடுக்கும். பட்டைக்கு வரியின் முழு உயரத்தையும் கொடுங்கள், வரிகளுக்கிடையே வெள்ளைக் கோடுகள் வராது. வெறும் ரேஞ்ச் உள்ள வரியில் இடது எக்ஸில் ஒரு மெல்லிய கோடு போடுங்கள்.

க்யூடியில் எக்ஸ்ட்ராசெலக்ஷன்ஸ் என்ற வசதியில் ரேஞ்சுகளைக் கொடுத்தால் அதுவே வரைந்துவிடும். முதல் நாளுக்கு அது போதும். வெற்று வரியில் அது எதையும் காட்டாது என்பதால் பிறகு நீங்களே வரைய வேண்டியிருக்கும்.

6. இப்போது மவுஸ்

அழுத்தும்போது: இடது பொத்தானும் ஆல்ட் விசையும் சேர்ந்திருந்தால் பிடித்த புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். செவ்வகத்தை இன்னும் தொடங்காதீர்கள். மவுஸ் சில பிக்சல்கள் நகர்ந்த பிறகே தொடங்குங்கள். க்யூடியில் இந்தத் தூரம் ஸ்டார்ட்டிராக்டிஸ்டன்ஸ் என்ற பெயரில் இருக்கிறது, இயல்பாக 10. கை நடுக்கத்தில் ஒரு கிளிக் செவ்வகமாக மாறிவிடக் கூடாது என்பதே காரணம். ஆல்ட் கிளிக்குக்கு உங்கள் எடிட்டரில் வேறு வேலை இருந்தால் அதுவும் இதனால் பிழைக்கும்.

ஏற்கெனவே தேர்வான உரையின் மேல் ஆல்ட்டோடு அழுத்தினால், உரையை இழுத்து நகர்த்தும் வேலை குறுக்கே வரும். ஆல்ட் இருந்தால் செவ்வகத்துக்கே முன்னுரிமை என்று அந்தச் சோதனைக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

நகரும்போது: ஆல்ட் இன்னும் அழுத்தியிருக்கிறதா என்று பார்க்காதீர்கள். முறை எது என்பது அழுத்திய கணத்தில் முடிவானது, பொத்தானை விடும்வரை மாறக் கூடாது. நீண்ட இழுப்பில் விரல் தளர்ந்து ஆல்ட் நழுவும். அந்த நொடியில் செவ்வகம் சாதாரணத் தேர்வாக மாறினால், இரண்டு பக்க இழுப்பும் வீண்.

விடும்போது: இப்போதைய புள்ளியைக் கடைசியாக ஒருமுறை புதுப்பித்து, முறையை முடியுங்கள். விண்டோஸில் ஆல்ட்டை விட்டதும் மெனு பட்டை கவனத்தைப் பறிக்கிறதா என்று சோதியுங்கள். பறித்தால் அடுத்து அழுத்தும் கண்ட்ரோல் சி எங்கோ போய்விடும். அந்த ஒரு விசை நிகழ்வை நீங்களே விழுங்கிவிட வேண்டும்.

எஸ்கேப் அழுத்தினாலும், சாளரம் கவனத்தை இழந்தாலும் இழுப்பு முடிய வேண்டும். இல்லையென்றால் பொத்தானை விட்ட பிறகும் செவ்வகம் மவுஸைத் துரத்தும்.

எந்த விசை என்பதும் இடத்துக்கு இடம் மாறும். லினக்ஸின் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பில் ஆல்ட் இழுப்பு இயல்பாகச் சாளரத்தையே நகர்த்தும், உங்கள் நிரலுக்கு நிகழ்வு வந்துசேராது. விஎஸ் கோடு என்ற நிரல் எடிட்டர் ஷிஃப்ட்டையும் ஆல்ட்டையும் சேர்த்துக் கேட்கிறது. மேக்கில் ஆப்ஷன் விசைதான் வழக்கம், க்யூடியும் அதையே ஆல்ட்டாகத் தருகிறது. விசையை அமைப்புகளில் மாற்ற விடுங்கள். கூடவே மெனுவில் 'செவ்வகத் தேர்வு முறை' என்று ஒன்றையும் வையுங்கள். லிப்ரே ஆஃபிஸ் ரைட்டரில் மெனுவிலேயே இருக்கிறது, வேர்டில் கண்ட்ரோல் ஷிஃப்ட் எஃப்8. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தி இழுக்க முடியாதவர்களுக்கு இந்த மெனு வழி ஒன்றுதான் கதி.

7. தானாக உருளும் பக்கம்

மவுஸ் சாளரத்தின் கீழ் ஓரத்தைத் தாண்டினால் பக்கம் உருள வேண்டும். நகர்வு நிகழ்வில் மட்டும் உருட்டினால், பயனர் மவுஸை ஆட்டிக்கொண்டே இருந்தால்தான் பக்கம் நகரும். ஒரு டைமர் வையுங்கள், 50 மில்லி நொடிக்கு ஒருமுறை போதும். ஒவ்வொரு துடிப்பிலும் உருட்டிவிட்டு, மவுஸின் கடைசிச் சாளரப் புள்ளியைப் புதிய ஸ்க்ரோல் மதிப்போடு மீண்டும் ஆவணப் புள்ளியாக மாற்றுங்கள். இந்த மறுமாற்றத்தை மறந்தால் பக்கம் உருளும், செவ்வகம் நீளாது.

கிடை உருட்டலும் வேண்டும். சாதாரணத் தேர்வில் அது அவ்வளவாகத் தேவைப்படாததால் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

8. காப்பி

முதல் தடை க்யூடியிலேயே இருக்கிறது. அதன் கர்சருக்கு ஒரே தொடர்ச்சியான தேர்வுதான் தெரியும். உங்கள் செவ்வகம் அதற்குத் தெரியாது, ஆகவே எதுவும் தேர்வாகவில்லை என்று முடிவுகட்டி, காப்பி கட்டளையைச் சத்தமில்லாமல் கைவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. காப்பி, கட் இரண்டையும் விசை நிகழ்விலும் மெனுவிலும் நீங்களே பிடித்துக்கொள்ள வேண்டும்.

உரை வடிவத்தில் ஒவ்வொரு வரியின் துண்டையும் புதுவரிக் குறியால் இணையுங்கள். வெறும் துண்டு வெற்று வரியாக இருக்கட்டும். அதை நீக்கினால் பக்கத்து நெடுவரிசையோடு வரிசை எண் பொருந்தாது. ஒரு விரிதாளில் ஒட்டிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். கடைசித் துண்டுக்குப் பின் புதுவரிக் குறி வேண்டாம்.

குட்டை வரிகளை இடைவெளி போட்டு நிரப்பலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டாம். எழுத்துக்கு எழுத்து அகலம் மாறும் உரையில் இடைவெளிகளால் எதையும் நேராக நிறுத்த முடியாது. யாரும் கேட்காத இடைவெளிகள் மட்டும் ஆவணத்தில் சேரும்.

அதோடு 'இது செவ்வகம்' என்ற தனி அடையாளத்தையும் கிளிப்போர்டில் சேர்த்து வையுங்கள். விஷுவல் ஸ்டுடியோ, சின்டில்லா ஆகிய நிரல் எடிட்டர்களும் இப்படித்தான் தனி வடிவம் ஒன்றைக் கூடவே வைக்கின்றன. ஒட்டும்போது இது சாதாரண உரையா செவ்வகமா என்று தெரிந்துகொள்ள வேறு வழி இல்லை.

9. அழித்தல், வடிவமைத்தல், ஒட்டுதல்

அழிக்கும்போது இரண்டு விதிகள். முதல் எழுத்தைத் தொடும் முன்பே எல்லா ரேஞ்சுகளையும் கணக்கிட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கீழிருந்து மேலாக அழியுங்கள்.

கீழிருந்து ஏன்? மேல் வரியில் ஐந்து குறிகளை அழித்ததும் கீழே உள்ள எல்லா எண்களும் ஐந்து குறைந்துவிடும். கீழிருந்து போனால் இன்னும் தொடாத எண்கள் அசையாது. முன்பே ஏன்? மடிந்த பத்தியில் ஒரு வரியில் அழித்ததும் பத்தி முழுவதும் மறுபடி மடிகிறது. அதன்பின் 'இரண்டாம் வரி' என்பது வேறு வரி. ஒவ்வொரு வரியாகக் கணக்கிட்டு அழித்த ஒரு வடிவத்தை நான் பார்த்திருக்கிறேன். தனித்தனிப் பத்திகளில் பிசகில்லாமல் ஓடியது, ஒரே ஒரு நீளமான பத்தியில் கண்டபடி சொற்களைத் தின்றது.

முழுவதையும் ஒரே அன்டூ குழுவில் கட்டுங்கள். க்யூடியில் பிகின்எடிட்பிளாக், எண்ட்எடிட்பிளாக். குழுவைத் திறந்துவிட்டு நடுவில் பிழை காரணமாகத் திரும்பிவிடாதீர்கள். மூடாத குழு அதன்பின் வரும் எல்லா மாற்றங்களையும் தனக்குள் இழுத்துக்கொள்ளும்.

அழித்த பின் கர்சர் முதல் ரேஞ்சின் தொடக்கத்தில் நிற்கட்டும்.

தடித்த எழுத்து, நிறம் போன்ற வடிவமைப்பில் எண்கள் மாறுவதில்லை. ஆனால் தடித்த எழுத்து அகலமானது, பத்தி மறுபடி மடியலாம். ஆகவே 'முன்பே கணக்கிடு' விதி இங்கேயும் உண்டு.

ஒட்டுதலில் என் பரிந்துரை எச்சரிக்கையானது. ஒட்டும் இடத்திலிருந்து கீழே உள்ள வரிகள் ஒவ்வொன்றும் தனிப் பத்தியாக இருந்தால் மட்டும், அதே எக்ஸில் வரிக்கு ஒரு துண்டாக ஒட்டுங்கள். துண்டுகள் மிஞ்சினால் புதிய பத்திகளைச் சேருங்கள். மடிந்த பத்தியின் நடுவில் என்றால் சாதாரண உரையாகவே ஒட்டிவிடுங்கள். மடிந்த பத்தியில் முதல் துண்டு நுழைந்ததுமே மற்ற வரிகள் நகர்ந்துவிடும், பயனர் எதிர்பார்த்த இடத்தில் எதுவும் விழாது.

செவ்வகம் தேர்வான நிலையில் தட்டச்சு செய்தால் எல்லா வரியிலும் எழுத்து வர வேண்டும் என்ற ஆசை வரும். முதல் வெளியீட்டில் அதைத் தள்ளிவையுங்கள். ஒலிப்பு முறையில் தமிழ் தட்டச்சு செய்யும்போது எழுத்து உருவாகி முடியும்வரை இன்புட் மெத்தட் (விசைகளைத் தமிழ் எழுத்தாக மாற்றும் நிரல்) அதைத் தற்காலிகமாகவே வைத்திருக்கிறது. அந்தத் தற்காலிக எழுத்தை இருபது வரிகளில் ஒரே நேரத்தில் காட்டி, மாற்றி, உறுதி செய்வது தனி வேலை. செய்வதானால் உறுதியான எழுத்தை மட்டும் மற்ற வரிகளுக்குப் பிரதி எடுங்கள்.

10. சோதனை ஆவணத்தில் இருக்க வேண்டியவை

என்னிடம் இருப்பது இரண்டு பக்க ஆவணம். முதல் பக்கத்தில் பெயர்ப் பட்டியல்: செந்தில், கௌரி, லக்ஷ்மி, ஸ்ரீதர், நடுவே இரண்டு வெற்று வரிகள். அதன் கீழே மூன்று நெடுவரிசை விலைப்பட்டியல், டேபால் பிரித்தது, குட்டைப் பெயரும் நீளப் பெயரும் கலந்தது. அடுத்து ஆறு வரியாக மடியும் ஒரே பத்தி. அதன்பின் நடுவில் ஒதுக்கிய நான்கு கவிதை வரிகள். இவற்றில் ஒவ்வொரு வரியும் வெவ்வேறு எக்ஸில் தொடங்கும். வரியின் தொடக்கத்தை எக்ஸ் பூஜ்யம் என்று நினைத்து எழுதிய நிரல் இங்கே மாட்டிக்கொள்ளும்.

இரண்டாம் பக்கத்தில் உருதுச் சொல் கலந்த வரி, ஒரு அட்டவணை, வரிக்குள் ஒரு படம், 28 புள்ளித் தலைப்பும் 9 புள்ளிக் குறிப்பும் அடுத்தடுத்து.

ஒவ்வொன்றிலும் நான்கு மூலையிலிருந்தும் இழுங்கள். நான்கு முறையும் காப்பி செய்த உரை ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு வெட்டுங்கள், ஒரே ஒரு கண்ட்ரோல் இசட் அழுத்துங்கள், கோப்பைச் சேமித்துப் பழைய கோப்போடு ஒப்பிடுங்கள். உரையில் ஒரு குறி மாறியிருந்தாலும் 4-ஆம் பகுதிக்குத் திரும்புங்கள். என் அனுபவத்தில் பத்தில் எட்டு முறை அது டேபாகவோ க்ஷ-வாகவோதான் இருந்தது.